முப்பத்தெட்டாவது தலைமுறை

ஈக்கள் எப்போதும் வெளிச்சத்துப் பக்கமாகத்தான் உட்காரும். வளர்ப்பறையின் மேற்குச் சன்னல் வழியாகச் சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது, பதினாறு கூண்டுகளிலும் மேற்குப் பக்கத்து வலை கறுத்துப்போகும். மற்ற பக்கங்கள் வெறிச்சென்று கிடக்கும். இத்தனை வருஷமாகச் சங்கரன் பார்த்துவந்தது இதைத்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேற்கு வலை காலியாக இருந்தது. அத்தனை ஈக்களும் கிழக்குப் பக்கம், இருட்டுப் பக்கம், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. சங்கரனின் கட்டில் கிடந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவன் அதில்தான் ஒரு மணி நேரம் படுத்திருந்தான்.

அவன் கூண்டு வரிசையைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கமாகப் போய் நின்றான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, புளித்த ஈஸ்ட்டும் கோதுமைத் தவிடும் சேர்ந்து எந்நேரமும் மூக்கை அடைக்கிற அந்த அறையில், மின்விசிறியின் கடகடப்புக்கு அடியில், மெல்லிய சரசரப்பு ஒன்று கிளம்பியது, பக்கத்து வீட்டில் யாரோ அரிசி புடைக்கிற மாதிரி. ஈக்கள் நடந்தன. பறக்கவில்லை, நடந்தன. கிழக்கு வலையிலிருந்து மேல் வலைக்கு ஏறி, அங்கிருந்து வடக்கு வலைக்கு இறங்கி, அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றுகொண்டன.

"என்னலே, வெளிச்சம் பிடிக்கலையா?" என்று அவற்றைக் கேட்டான். கேட்ட பிறகுதான் தன் குரல் சரியாக இல்லை என்பது அவனுக்கே தெரிந்தது.

ஈ வளர்ப்பதெல்லாம் ஓர் உத்தியோகமா என்று சிரிக்காதவர்கள் அவன் சொந்தத்தில் கிடையாது. ஊரெல்லாம் ஈயை விரட்டும்போது இவன் சோறு போட்டு வளர்க்கிறான் என்பார்கள். ஆனால் விஷயம் அவ்வளவு வேடிக்கையானது அல்ல. பாகல், புடலை, பூசணிப் பிஞ்சுகளைக் குத்தி உள்ளே முட்டை வைத்து, காயை அழுகவைக்கிற பழ ஈக்கு மருந்து அடித்து அடித்து விவசாயிகள் சலித்துப்போயிருந்தார்கள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியையாக இருந்த டாக்டர் பிரிஸில்லா வேறு ஒரு வழியைக் கொண்டுவந்தார். அதே ஈயை அறைக்குள் லட்சக்கணக்கில் வளர்க்க வேண்டும். அதன் கூட்டுப்புழுக்களை மதுரைக்கு அனுப்பி, கதிர்வீச்சில் காட்டி, மலடாக்கிக் கொண்டுவர வேண்டும். அவற்றைத் தோட்டத்தில் விட்டால் காட்டு ஈக்கள் இவற்றோடு கூடும். வைக்கிற முட்டை பொரிக்காது. இரண்டு மூன்று போகத்தில் பூச்சி தானாக அற்றுவிடும். இதற்காகப் பேட்டைத் தொழிற்பேட்டையில் மூடிக்கிடந்த ஒரு லேத்துப் பட்டறையை 1992 கோடையில் வாடகைக்கு எடுத்து வளர்ப்பறை ஆக்கினார்கள். அதற்கு உதவியாளனாகச் சேர்ந்தவன்தான் சங்கரசுப்பிரமணியன் என்கிற சங்கரன்.

வேலையில் சேர்ந்த மறு தை மாதம் அவன் மனைவி சொர்ணாம்பாள் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். குழந்தை கிடையாது. டவுனில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் பட்டறையின் பின்னறையில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டான். ஆறு மணிக்குப் பக்கத்துப் பட்டறைகள் ஷட்டரை இறக்கிவிட்டால் மறுநாள் காலை வரை அந்தத் தெருவில் மனிதக் குரல் கேட்காது. நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது தொண்டை ஒட்டிப்போயிருப்பது தெரியும். அந்தத் தனிமை அவனை அரித்தது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

அவனுக்கு ஆறுதலாக ஒரே ஒரு சத்தம் இருந்தது. அது விடிகாலையில் வரும். தவிட்டுத் தட்டில் முற்றிய புழுக்கள், கூடு கட்டுவதற்கு மண் தேடி, உடம்பை வளையமாக மடக்கித் தெறித்து, கீழே வைத்திருக்கும் மணல் தட்டில் விழும். டப். டப், டப். தகரக் கூரையில் தூறல் தொடங்குகிற மாதிரி. கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்கும்போது, வீட்டுக்குள் யாரோ எழுந்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்று தோன்றும்.

இந்த வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. ஆறு தலைமுறைக்கு ஒரு முறை, தோட்டங்களில் சொத்தைக் காய்களைப் பொறுக்கிவந்து, அவற்றிலிருந்து வெளிவரும் காட்டு ஈக்களைக் கூண்டுகளில் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் ஈக்கள் எல்லாம் ஒரே வார்ப்பாகி, அந்த அறைக்குத் தோதாகவே மாறி, தோட்டத்துக்கு லாயக்கில்லாமல் போய்விடும். முதல் முறை சங்கரன் ஒழுங்காகக் கலந்தான். காட்டு ஈக்கள் அடங்கவே இல்லை. அவன் கை உள்ளே போனாலே மிரண்டு வலையில் மோதின; அவற்றைப் பார்த்துப் பழைய ஈக்களும் மிரண்டன. இரண்டாவது முறை வந்தபோது சொர்ணாம்பாள் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. தன் கையைக் கண்டு ஓர் உயிர் மிரள்வதை அவனால் அப்போது தாங்க முடியவில்லை. காட்டுக் கூட்டுப்புழுக்கள் இருந்த ஜாடியில் வெந்நீரை ஊற்றிவிட்டு, நோட்டில் ‘காட்டு ஈ கலந்தாயிற்று’ என்று எழுதினான். அதற்குப் பிறகு காய் பொறுக்கவே அவன் போகவில்லை. வெறுமனே எழுதினான்.

இன்னொன்றும் இருந்தது. ஈக்கள் முட்டை வைப்பதற்காகத் துளை போட்ட பிளாஸ்டிக் குவளை ஒவ்வொரு கூண்டிலும் தொங்கும். அதில் பூசணிச் சாற்றைத் தடவ வேண்டும். பூசணி அகப்படாத ஒரு கோடையில், வேர்த்திருந்த உள்ளங்கையால் குவளைகளை அழுத்தித் தேய்த்துத் தொங்கவிட்டான். நூற்றில் ஒன்றிரண்டு ஈக்கள் அந்த வாடைக்கு வந்து முட்டை வைத்தன. அந்த ஒன்றிரண்டின் பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறை. அதற்கு அடுத்ததில் பாதிக்குப் பாதி வந்தன. பிறகு பூசணிச் சாறு தேவைப்படவே இல்லை. அதைத் தன்னுடைய கைராசி என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இப்போது நடப்பது முப்பத்தெட்டாவது தலைமுறை.

புதன்கிழமை காலை டாக்டர் பிரிஸில்லா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், எதையும் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்க்கிறவர். மதுரையிலிருந்து திரும்பிய கூட்டுப்புழுக்கள் பெட்டிகளில் தயாராக இருந்தன. அவற்றில் ரோஸ் நிறப் பொடியைக் கலந்திருந்தார்கள். பொரித்து வரும்போது அந்தப் பொடி ஈயின் நெற்றி மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். பிற்பாடு பொறியில் விழுகிற ஈ நம்முடையதா, காட்டினுடையதா என்று நெற்றியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

"வெள்ளிக்கெழம தாஜ் முகம்மது தோட்டத்துல விடுதோம், சங்கரன். எனக்குப் பரீட்சை டியூட்டி. நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். பிறகு ஒரு கூண்டின் வாயில் தைத்திருந்த துணிக் கையைத் தளர்த்தித் தன் கையை உள்ளே விட்டார். ஈக்கள் விலகின. மிரளாமல், அவசரப்படாமல், சங்கரன் நின்ற பக்கத்துக்கு நடந்து வந்துவிட்டன. அவர் கையை வெளியே எடுத்துவிட்டு, வலையில் மூக்கு படும்படி குனிந்து பார்த்தார்.

"ரொம்ப சாதுவா இருக்குதுவ. எனக்கு இது பிடிக்கல. கடைசியா காட்டு ஈ எப்பக் கலந்தீய?"

"முப்பத்தாறுல, மேடம்."

"எந்தத் தோட்டத்துக் காயி?"

"சுத்தமல்லி."

"நோட்டுலயும் அதான் இருக்கு" என்று அவர் தலையாட்டினார். "கலக்காம விட்டிருந்தா இதையெல்லாம் வெந்நிய ஊத்திக் கொன்னுட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கணும். வேற வழியே கிடையாது. அதான் கேட்டேன்."

வேலை போய்விடும் என்பதுகூடச் சங்கரனுக்குப் பெரிதாகப் படவில்லை. இந்தப் பதினாறு கூண்டும் போனால், அவன் வருகிற சத்தத்துக்காகக் காத்திருக்கிற உயிர் இந்த உலகத்தில் ஒன்றுகூட மிச்சம் இருக்காது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. டாக்டர் பிரிஸில்லா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சி வீட்டுல சாப்பிட வாங்க. எத்தனை தடவ கூப்பிடுதேன், ஒரு தடவையாவது வந்தியளா?" என்றார். வருகிறேன் என்றான். போகப்போவதில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை இருபது அட்டைப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, மேலப்பாளையத்தைத் தாண்டி ஆற்றோரத் தோட்டத்தில் போய் இறங்கினான். ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடியது. தாஜ் முகம்மது பாகல் பந்தலுக்கு அடியில் குனிந்து நின்று சொத்தைப் பிஞ்சுகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. ஜும்மாவுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருமா?" என்றவர், கிள்ளிய பிஞ்சு ஒன்றைப் பிளந்து காட்டினார். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. "போன போகம் பாதிக்குப் பாதி இப்படித்தான். இந்தத் தடவையும் போச்சுன்னா பந்தலப் பிரிச்சிர வேண்டியதுதான். எல்லாம் ஒங்க ஈயிலதான் இருக்கு."

சங்கரன் முதல் பெட்டியைத் திறந்தான். ஈக்கள் குபுக்கென்று எழும்பின. மேலே பச்சை இலை, மஞ்சள் பூ, ஈரக் காற்று, அவை பிறந்ததிலிருந்து கண்டிராத ஆகாயம். ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பி வந்து அவன் சட்டையில் உட்கார்ந்தன. இரண்டாவது பெட்டி. மூன்றாவது. தோளிலும் கழுத்திலும் கை மடிப்பிலும் ரோஸ் நெற்றிகள் நெருங்கிக்கொண்டு ஏறின.

"ஒங்க பிள்ளையளுக்கு ஒங்கள விட்டுட்டுப் போவ மனசில்ல போல" என்று தாஜ் முகம்மது சிரித்தார். பத்தாவது பெட்டி திறந்தபோது அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். இரண்டு எட்டுப் பின்னால் போய், தன் வெள்ளை ஜிப்பாவைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "எம்மேல ஒண்ணுகூட உக்காரல, பாத்தியளா" என்றார் பைய.

கையால் தட்டினால் அவை பிடியை விடவில்லை. கடைசியில் சங்கரன் உடுத்திய துணியோடு ஆற்றில் இறங்கினான். கழுத்தளவு தண்ணீரில் நின்று மூச்சைப் பிடித்து முங்கினான். நீருக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தபோது, தன் தலை இருந்த இடத்துக்கு மேலே ஒரு கறுப்பு வட்டம் கலையாமல் சுழல்வது தெரிந்தது. நீரோட்டத்தோடு முப்பது கஜம் போய் எழுந்து, கரையேறி, திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு நடந்தான். ஈர வேட்டியோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவனைப் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பொறிகளைப் பார்ப்பதற்காகத் தோட்டத்துக்குப் போனான். நூற்று நாற்பது ஈக்கள் விழுந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் வைத்து நெற்றியைப் பார்த்தான். ஒன்றில்கூட ரோஸ் இல்லை.

"இருக்காது அண்ணாச்சி" என்றார் தாஜ் முகம்மது. "அன்னைக்கு அந்திக்கே கெளம்பிட்டுதுவ. மஃரிபுத் தொழுகைக்கு ஒளுச் செய்யக் கை கால் கழுவுதேன், பந்தலுக்கு மேல ஒண்ணா எந்திரிச்சி, ஒரு பொகை மாதிரி, மேக்க பாத்துப் போவுது. நான் என் கண்ணால கண்டேன்." அவர் கை நீட்டிக் காட்டினார். ஆற்றுக்கு மேலே, தென்னைகளுக்கு மேலே, கையின் நேருக்குப் பார்த்துக்கொண்டு போனால் ஏழெட்டுக் கிலோமீட்டரில் பேட்டை, அவன் பட்டறை.

பட்டறைக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருவில் ஈ காக்கை இல்லை. பூட்டைத் திறக்கக் குனிந்தவன் அப்படியே நின்றான். ஒரு சத்தம். பழ ஈயில் ஆண்கள் அந்தி நேரத்தில் சிறகை அதிரவைத்துப் பெண்ணை அழைக்கும். ரீங்காரம் என்றுகூடச் சொல்ல முடியாது, மூடிய வாய்க்குள் யாரோ முனகுகிற மாதிரி இருக்கும். அது கூண்டுகள் இருக்கும் அறையிலிருந்து வர வேண்டும். வரவில்லை. பின்பக்கமிருந்து வந்தது. சந்து வழியாகச் சுற்றிப் போய்ப் பார்த்தான்.

அவன் கட்டில் இருக்கும் அறையின் சன்னல் வலையில், வெளிப்பக்கம், நூறு நூற்றைம்பது ஈக்கள் உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றின் நெற்றியிலும் ரோஸ் பொடி.

அவனுக்குப் பயம் வந்தது உண்மை. ஆனால் அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது; மூன்று வருஷமாக அவன் மறந்துபோயிருந்தது. சந்தோஷம். ஏழெட்டுக் கிலோமீட்டர் தூரத்தை, ஆற்றைக் கடந்து, அவனைத் தேடிக்கொண்டு வந்திருக்கின்றன. அவன் வருகிறானா என்று யார் இப்படிக் காத்திருந்தார்கள்? உள்ளே போய்ச் சன்னல் வலையைக் கழற்றிவிட்டான்.

அவை வந்து கட்டிலுக்கு மேலே சுவரில் உட்கார்ந்தன. மறுநாள் அந்திக்கு இன்னும் வந்தன. ஆயிரமா, ஐயாயிரமா என்று எண்ணத் தோன்றவில்லை. சுவர் கறுத்து, சாயம் போன அந்தப் பட்டறைச் சுவருக்குச் சிறகு முளைத்த மாதிரி மெல்ல அசைந்தது. ஆண் ஈக்கள் விடுகிற வாடை, பழுத்த கொய்யாவும் சாம்பிராணியும் சேர்ந்தது போல ஒரு தித்திப்பு, தலையணையில் ஏறியது. அந்தப் பக்கம் கூண்டுகளில் இருந்தவை நடுச்சுவரைப் பார்த்து வலையில் நெரிந்துகொண்டிருந்தன. நெரிசலில் சில செத்தும் கிடந்தன. பாவம், இவை மட்டும் என்ன செய்தன என்று அவனுக்குத் தோன்றியது. மதுரைக்குப் போகாத ஈக்கள், மலடாக்காத ஈக்கள், முட்டை வைக்கிற தாய் ஈக்கள். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் பதினாறு கூண்டுகளின் துணிக் கைகளையும் அவிழ்த்துவிட்டு, கட்டிலில் வந்து படுத்துக்கொண்டான். வந்தன. கையில், மார்பில், கழுத்தில் இறங்கின. கண்ணை மூடிக்கொண்டான். ஊசி நுனியால் தொட்டுத் தொட்டு எடுப்பது போலக் கையில் லேசாக ஒரு குறுகுறுப்பு. வலிக்கவில்லை. அப்படியே தூங்கிப்போனான்.

வெளியே திரிந்தாலும் முட்டை வைக்கக் கூண்டுக்குத்தான் திரும்பும் என்று நம்பி, புதன்கிழமை குவளைகளை எடுத்துப் பார்த்தான். உள்ளே முட்டை இல்லை. பதினாறிலும் இல்லை. வியாழனும் இல்லை. வழக்கமாக ஒரு குவளையில் அரைக் கரண்டி அளவுக்கு, பொடிந்த ரவை மாதிரி, வெள்ளை முட்டைகள் கிடக்கும். நாலு வருஷத்தில் இப்படி ஆனதில்லை. குவளைகளை மறுபடியும் உள்ளங்கையால் தேய்த்துத் தொங்கவிட்டான். ஈக்கள் அவற்றைச் சீந்தவே இல்லை. பழைய புழுக்கள் முற்றித் தெறித்து முடிந்துவிட்டன. தவிட்டுத் தட்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாக, கழுவிக் கவிழ்த்துவைத்தான். முட்டை எங்கே போகிறது? வைக்காமல் இருக்காது. எங்கோ வைக்கின்றன.

முழங்கையைச் சொறிந்துகொண்டே யோசித்தான்.

இடது கையின் உட்புறத்தில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, சின்னச் சின்னப் புள்ளிகள். வேர்க்குரு என்று தேங்காய் எண்ணெய் தடவினான். சனிக்கிழமை அவை பருத்தன. ஒரு பிஞ்சுப் பாகற்காயின் மேல்தோல் மாதிரி, வரிசையாக. தொட்டால் சுட்டது. அவனுக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டான். பழ ஈ மனித உடம்பில் முட்டை வைக்காது. எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. காயின் வாடை இருந்தால்தான் வைக்கும். காயின் வாடை.

குவளையைத் தேய்த்த உள்ளங்கையை முகர்ந்து பார்த்தான்.

அன்றைக்கு நிலைவாசலைத் தாண்டித் தெருவரை போனான். டாக்டரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் போனான். நாலு எட்டு வைப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் சத்தம் உயர்ந்தது. சன்னலில், கதவிடுக்கில், ஓட்டு விளிம்பில். அழைக்கிற சத்தம். எதிர்ப்பட்டறைப் பையன்கள் கேட்டுவிடுவார்களோ என்று பயந்தான். கேட்டால் வருவார்கள். வந்தால் மருந்து அடிப்பார்கள். திரும்பி உள்ளே வந்து கதவைத் தாழிட்டான். சத்தம் நின்றது. உடனே நின்றது.

அதற்குப் பிறகு அவன் வெளியே போகவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிகாலை அந்தச் சத்தத்தில்தான் விழித்தான். டப். கண்ணைத் திறக்காமல், பழைய ஆறுதலோடு கேட்டுக்கொண்டு கிடந்தான். டப். தட்டுகளில் தெறிக்கின்றன. தூறல் மாதிரி. டப், டப். வீட்டுக்குள் யாரோ எழுந்துவிட்டார்கள்.

தட்டுகள் காலி.

கழுவிக் கவிழ்த்துவைத்திருக்கின்றன. அவன் கையாலேயே கவிழ்த்தவை.

கண்ணைத் திறந்தான். சுவரெல்லாம் ஈ. கூரையெல்லாம் ஈ. ஒன்றும் அசையவில்லை. எல்லாம் அவன் பக்கம் திரும்பியிருந்தன. கட்டிலிலிருந்து தொங்கிய இடது கைக்கு நேர் கீழே, சிமெண்டுத் தரையில், வெள்ளையாக ஒன்று. அரிசி அளவு. அது உடம்பை வளைத்தது. வளையம் ஆனது. தெறித்தது. மண் தேடித் தெறித்துத் தெறித்து, மூலைப் பக்கமாகப் போயிற்று.

அன்றைய பகல் எப்படிப் போயிற்று என்று அவனுக்கு நினைவில்லை. கையைத் துண்டால் இறுக்கிச் சுற்றியிருந்தான். துண்டுக்குள் ஓர் அசைவு. நிற்கும். மறுபடி அசையும். வலி இல்லை, அதுதான் பயங்கரமாக இருந்தது. இதமாக இருந்தது. அழுதான். "சொர்ணம், சொர்ணம்" என்று இரண்டு தடவை சத்தமாகக் கூப்பிட்டான். ஈக்கள் சிறகை அதிரவைத்தன.

அந்தி.

ஆட்டோ வந்து நிற்கும் சத்தம். செருப்புச் சத்தம். கதவு தட்டப்பட்டது.

"சங்கரன்! நான்தான், பிரிஸில்லா. ஒரு வாரமா ஒரு தகவலும் இல்லையே, என்ன ஆச்சு?"

கட்டிலிலிருந்து எழுந்தான். கதவுப் பலகையின் பிளவில் கண்ணை வைத்துப் பார்த்தான். தெருவிளக்கு வெளிச்சத்தில் டாக்டர் பிரிஸில்லா ஒரு கண்ணாடி ஜாடியை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். ஜாடியில் மணல். மணலில் பழுப்பு நிறக் கூட்டுப்புழுக்கள்.

"தாஜ் முகம்மது எல்லாம் சொன்னாரு. நானே காயி பொறுக்கிட்டு வந்திருக்கேன். காட்டு ஈ. எதுன்னாலும் பேசிக்கிடுவோம், நான் கோவப்பட மாட்டேன். மேலுக்கு முடியலையா? முடியலன்னா இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போவோம். கதவத் தொறங்க."

அவருடைய குரல் நல்ல குரல். நாலு வருஷமாக அவனைச் சாப்பிடக் கூப்பிட்ட குரல். அவன் தாழ்ப்பாளைப் பிடித்தான். திறந்தால் போதும். ஆஸ்பத்திரி. வெளிச்சம். மனிதர்கள்.

திறந்தால் வெந்நீர்.

சுவர்களுக்கு. கூரைக்கு. கூண்டுகளுக்கு. பிறகு கத்தி. இந்தக் கைக்கு. எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். ஒன்று விடாமல். சுத்தமாகத் துடைத்து, கட்டுப் போட்டு, அவனைத் திருப்பி அனுப்புவார்கள். இந்த அறைக்கு. சத்தமே இல்லாத அறைக்கு.

தாழ்ப்பாளின் மேல் இருந்த அவன் விரல்களில் ஈக்கள் வந்து உட்கார்ந்தன. ஒன்று. பத்து. விரல் தெரியாமல் போயிற்று. அவை அவனைப் பிடித்து நிறுத்தவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தன.

கையைப் பைய எடுத்துவிட்டான்.

வெளியே இன்னும் இரண்டு முறை தட்டினார். காத்திருந்தார். பிறகு செருப்புச் சத்தம் திரும்பியது. ஆட்டோக்காரரிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது.

"உள்ள யாரும் இல்ல போல."

ஆட்டோ கிளம்பியது. தொழிற்பேட்டையின் கடைசி வளைவு வரை அதன் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

சங்கரன் வளர்ப்பறைக்குப் போனான். அலமாரிக்கு அடியிலிருந்து மணல் தட்டுகளை எடுத்தான். மணலைச் சலித்தான். கட்டி இல்லாமல் சலிக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடு சரியாக அமையாது. தண்ணீர் தெளித்து ஈரம் பார்த்தான். ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து கட்டிலைச் சுற்றி அடுக்கினான். தலைப்பக்கம் இரண்டு. கால்பக்கம் ஒன்று. இரண்டு ஓரத்திலும் மூன்று மூன்று.

சட்டையைக் கழற்றினான். கையில் சுற்றிய துண்டை அவிழ்த்தான். கழுத்திலும் மார்பிலும் வயிற்றிலும் வரிசை வரிசையாகப் புடைத்திருந்ததை அப்போதுதான் முழுசாகப் பார்த்தான். பார்த்துவிட்டு மல்லாந்து படுத்தான். கைகள் இரண்டையும் கட்டிலுக்கு வெளியே நீட்டித் தட்டுகளுக்கு மேலே தொங்கவிட்டான். விளக்கை அணைக்கவில்லை. கூரையிலிருந்து ரோஸ் பொடி மெதுவாக உதிர்ந்து, திறந்திருந்த அவன் கண்களின் மேல் படிந்துகொண்டிருந்தது.

டப்.

டப், டப்.

அவன் அசையாமல் கிடந்தான். தூறல் வலுத்தது.